சுவரைத் தாண்டி ஒண்ணேகால் அடி

கோவில்பட்டியில் நாங்கள் இருந்த வீட்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே, இடுப்புக்குச் சற்று மேல் வரை ஒரு குட்டைச் சுவர். அதன் மேல் பலகை போட்டு, ஹால் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிவிட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் இதுதான் எனக்கு ஒரே ஆசை. கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பிடி.

கையில் நியாயமும் இருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர், என் கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட், மகளுக்கு டியூஷன். மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் பாத்திரங்களைத் தரையில் பரப்பி, திரும்ப அள்ளி, துடைத்து, முதுகு போய்விடும்.

கல் போட்டால் கனம் என்று ஆசாரி சொல்லிவிட்டதால், பிளைவுட் பலகையில் மைக்கா ஷீட் ஒட்டுவதாக முடிவானது. கடையில் மைக்காத் துண்டுகளைப் புரட்டியபோது என் கணவர் மர டிசைனைத் தொட்டார். "மரத்து மேல மரப் படமா ஒட்டுவாங்க?" என்று கேட்டு இளம்பச்சையை எடுத்துவிட்டேன்.

ஆசாரிக்கு ஐம்பது வயதிருக்கும். அளந்து பார்த்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினார்.

"டீச்சர், ஒண்ணேகால் அடி வெளிய நிக்குது. கீழ முட்டுக் குடுக்காம தாங்காது. ஒரு காலு வச்சிருவோம், இல்லன்னா இரும்புல பிராக்கெட் அடிச்சு மாட்டிருவோம்."

"காலு வச்சா பெருக்க முடியாது அண்ணாச்சி. பிராக்கெட் முழங்கால்ல இடிக்கும். தங்கச்சி வீட்டுல ஒண்ணுமே இல்லாமத்தான் நிக்குது."

"அங்கன அடியில இரும்பு குடுத்திருப்பாவ. குனிஞ்சு பாத்தீங்களா?"

குனிந்து பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. "சரி, நீங்க சொல்லுதீங்க, நான் செய்யுதேன்" என்று ஆசாரி வேலையை ஆரம்பித்தார்.

பசை காயும் வரை மைக்கா எழும்பாமல் இருக்க அதன் மேல் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. எப்போதும்வென்றான் கிராமத்தில் என் மாமியாரின் மானாவாரிக் காட்டில் விளைந்த உளுந்து அரை மூட்டை, அம்மிக்கல், திருத்தாத கட்டுரை நோட்டுக் கட்டுகள் எல்லாம் ஏறின. மறுநாள் எடுத்தபோது பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. சுவரில் வைத்து ஸ்குரூ முறுக்கினார். ஒரு மாதம் நான் தரையில் குனியவே இல்லை.

ஆடியில் காட்டில் வேலை இல்லாத நேரம் பார்த்து அத்தை, அதாவது என் மாமியார், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

"என்னட்டி இது, டீக்கடை கணக்கா?" என்றார். எவ்வளவு கூப்பிட்டும் ஸ்டூலில் ஏறவில்லை. குட்டைச் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

அவர் வந்த நாலைந்து நாளில் பலகை முன்பக்கம் சரிய ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருண்டு ஹாலுக்கு வந்தது. பேப்பர் படிக்கும்போது முழங்கையை ஊன்றுவதாக என் கணவரைத் திட்டினேன். பையைத் தொங்கவிடுவதாக மகளைத் திட்டினேன். இருவரும் இல்லவே இல்லை என்று சாதித்தார்கள்.

ஒருநாள் பள்ளி அரை நேரத்தோடு விட்டுவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தை சாப்பிட்டு முடித்திருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பலகையின் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது போலத் தன்னையே மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, விடுங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பின்பக்க ஸ்குரூ எல்லாம் பிடுங்கிக்கொண்டது. பலகை தலைகுப்புறச் சாய, ரசச்சட்டி தரையில் உருண்டது. நல்லவேளை, ரசம் ஆறிப்போயிருந்தது. அத்தை பொத்தென்று உட்கார்ந்தார். புடவையெல்லாம் மல்லித்தழை.

"நான் ஒண்ணும் செய்யல தாயி. அதுவா வந்துட்டு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் தோள் குலுங்கியது. ஆனால் தூக்கிவிடக் கை கொடுத்தபோது முகம் வலியில் சுருங்கியதைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா அத்தே முட்டு வலி?"

"தையில கம்பு அறுத்ததுல இருந்து. குத்தவச்சா எந்திரிக்க முடியல. உம் புருசன்ட்ட சொல்லிராத. காட்ட வித்துட்டு இங்கன வந்து இருன்னு நிப்பான்."

ஆறு மாதம் மறைத்திருக்கிறார். நான் எலுமிச்சம்பழம் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை. கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஆசாரி வந்து பெயர்ந்த பலகையைப் பார்த்தார். "நான் அன்னைக்கே" என்று தொடங்கவில்லை. மீசை மட்டும் லேசாக அசைந்தது. வெல்டிங் பட்டறையில் முக்கோணமாக மூன்று பிராக்கெட் அடித்து வந்தார். சுவரைத் தட்டித் தட்டி, விரிசல் ஓடாத இடமாகப் பார்த்து, நீள போல்ட்டால் இறுக்கினார். இரும்பு விளிம்புக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றது. ஸ்டூல்களுக்கு நடுவில் வருகிற மாதிரி மாட்டியதால் முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. கடைசியில் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டபடி, "டீச்சர், டீ போடுங்க" என்றார். முழுசாகக் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அத்தைக்கு முதுகுச் சாய்மானமும் கால் வைக்கப் படியும் உள்ள ஒரு நாற்காலி செய்யச் சொன்னோம். முதல் நாள் ஏறி உட்கார்ந்து எங்களை மேலிருந்து குனிந்து பார்த்தார். "வீட்டுல யாரு யாரு தலையில நரை விழுந்திருக்குன்னு இங்கன இருந்து நல்லாத் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு சாப்பாடு, காய் நறுக்குவது, டிவி எல்லாம் அங்கேதான்.

முட்டு வலியை என் கணவரிடம் நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. காட்டை விற்பது பற்றி வாய் திறப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே அத்தை டாக்டரிடம் வரச் சம்மதித்தார். மாத்திரையும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பத்து நாள் என்று வந்தவர் இரண்டு மாதம் இருந்தார். புரட்டாசியில் விதைப்புக்கு ஊருக்குக் கிளம்பினபோது, ஆசாரி மிச்சப் பலகையில் ஒரு சின்ன முக்காலி செய்து கொண்டுவந்து கொடுத்தார். களை பறிக்கிறபோது உட்கார்ந்துகொள்ள.

மறுநாள் ஊரிலிருந்து அத்தையின் போன் வந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லையாம். முக்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தே எப்போதும்வென்றான் போய்ச் சேர்ந்தாராம். கண்டக்டர் முறைத்தாரா என்று கேட்டேன்.

"அவன் என்ன முறைக்கது? யாரு செஞ்சு குடுத்தான்னு கேட்டு அட்ரஸ எழுதி வாங்கிக்கிட்டாம்லா!"