உடல் கிடைத்தது

"நீதான் செத்துட்டியேம்மா!" என்று மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

ஜனீன் பாட்டின் இரண்டாவது சரணத்தில் இருந்தாள். பின்னணி இசை அதன் பாட்டுக்கு ஓடட்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"செத்தவங்கள வேற எங்க அனுப்புவாங்க? அதான் மோர்கம்முக்கு வந்திருக்கேன்."

கூடம் சிரித்தது. பர்ன்லியிலிருந்தும் பிராட்ஃபோர்டிலிருந்தும் இந்தக் களையிழந்த கடலோர ஊருக்கு, கேரவன் வீடுகளில் ஒரு வாரம் தங்க வந்த கூட்டம். மாலை நான்கு மணிக் காட்சி. மேசைகளில் தேநீர்க் கூஜாக்கள், உருளை வறுவல், அடுத்து நடக்கவிருந்த பிங்கோ என்னும் எண் விளையாட்டுக்கான அட்டைகள். வெளியே கடல் வெகுதூரம் பின்வாங்கிப்போய் வெறும் சேறாகக் கிடந்தது.

"உங்கம்மா உம் பொணத்தப் பாத்து அழுதப்ப நானும் அழுதேன். அடுப்புல வெச்ச கறி தீஞ்சுபோயி எம் புருஷன் திட்டினான்" என்றாள் கத்தியவள்.

"எந்தப் புருஷன்டி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மொத ஆளு. அவனும் போய்ச் சேந்துட்டான்."

"அப்ப இங்கதான் எங்கயாவது சுத்திட்டு இருப்பான், தேடிப் பாருங்க" என்றாள் ஜனீன். மூன்றாவது சரணத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தாள்.

இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாரத்துக்கு ஆறு நாள் யாராவது அதைக் கத்துவார்கள். கத்தாத நாளில் அவளே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வாரம் மூன்று மாலை நாடே பார்த்த 'ஹார்க்கர்ஸ் யார்ட்' டிவி தொடரில் அவள் கெல்லி. பதினெட்டு வயதில் உள்ளே போய் இருபத்து மூன்றில் ஆற்றில் விழுந்து செத்தாள். அதற்குப் பிறகு பாடகி. இப்போது நாற்பத்தொன்பது.

கடைசிப் பாட்டு முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனாள். அறை என்பது அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி. ஒரு நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் மோரீன் உட்கார்ந்திருந்தாள்.

"கதவச் சாத்து. நான் இருக்கறது தெரிஞ்சா பிச்சுத் தின்னுடுவாங்க. அடுப்படி வழியா வந்தேன்."

மோரீன் டாட்டர்சால், எண்பத்து மூன்று வயது. தொடரில் கெல்லியின் தாய் ஐவி. நாற்பது வருஷமாக அதே யார்டில், அதே கம்பளிச் சட்டையில், இன்னமும் ஐவிதான்.

"அம்மா" என்றாள் ஜனீன். கேமரா முன்னால் ஐந்து வருஷம் கூப்பிட்டது அப்படியே நின்றுவிட்டது.

"எளச்சுட்டே."

"நீங்களுந்தான்."

"எனக்கு வயசு. உனக்கென்ன கேடு?" மோரீன் கைத்தடியால் இன்னொரு நாற்காலியைக் காட்டினாள். "உக்காரு. ஜூன் மாசம் எனக்கு முடிவு."

ஜனீனின் முகம் மாறியதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"ஐவிக்குடி, எனக்கில்ல. முழங்கால் ரெண்டும் போச்சு. வசனம் மண்டைல நிக்க மாட்டேங்குது. சாகடிச்சிருங்கன்னு நானே சொல்லிட்டேன். ஆனா படுக்கைல கெடக்கறப்ப எம் பொண்ணு பக்கத்துல இருக்கணும்னு சொல்லியிருக்கேன். தயாரிப்பாளர் உன்னய வரச் சொன்னா. வியாழக்கிழமை, பதினோரு மணி."

"நான்தான் செத்துட்டேனே."

"நம்ம தொடர்ல எதுத்த வீட்டு ஜெஃப் ரெண்டு தடவ செத்தான். இப்ப மீன் கடை வெச்சிருக்கான்."

"அவன் உடம்பு கெடைக்கலையே அம்மா."

மோரீன் கைப்பையில் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை போலிருந்தது. எழுந்துகொண்டாள்.

தொடரின் கதை நடக்கும் அந்த யார்டை, வீடுகள் சூழ்ந்த முற்றத்தை, விட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டாக்ஸி. பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, கல் பாவிய முற்றத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட வேண்டியது. கனடாவில் அத்தை, லண்டனில் வேலை, ஏதாவது ஒன்று. டாக்ஸியில் போனவர்கள் வெளியே பிழைக்க முடியாமல்போனால் பத்து வருஷம் கழித்தும் அதே பெட்டியோடு வந்து இறங்கலாம். பலர் இறங்கியிருக்கிறார்கள். ஜனீன் போன அதே வருஷம் டாக்ஸியில் போன சான்ட்ரா, இன்று யார்டின் மதுக்கடைக்கு முதலாளி. இன்னொரு வழி சவப்பெட்டி.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வசனகர்த்தா லென் ஜனீனுக்கு டாக்ஸிதான் எழுதிக் கொண்டுவந்தார். கதைப்படி அத்தை கனடாவில் இருந்தாள். ஜனீன் அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"எனக்குச் சாவு வேணும் லென்."

இது அவள் யோசனை இல்லை. இசைத்தட்டுக் கம்பெனியின் டெரக் சொன்னது. வெள்ளிக்கிழமை நாடே அழ வேண்டும், திங்கட்கிழமை அவள் பாடிய முதல் பாட்டு கடைக்கு வர வேண்டும் என்றான். ஆனால் லென்னிடம் போய் அதைத் தன் யோசனையாகச் சொன்னது அவள்தான். அதைப் பின்னாளில் அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

"டாக்ஸில போனா திரும்பி வரலாம் கண்ணு" என்றார் லென். அவருக்கு எப்போதும் ஒரு சிகரெட் விரலிலும் இன்னொன்று சாம்பல் கிண்ணத்திலும் எரியும்.

"நான் திரும்பி வரமாட்டேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. சரி, ஆத்துல விழு. உடம்பு கெடைக்கலன்னு விட்டுர்றேன். என்னைக்காவது உனக்கு உதவும்."

"உங்க இஷ்டம்" என்றாள். அவளுக்கு அதில் அக்கறையே இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பக்கங்கள் வந்தபோது பிணவறைக் காட்சி ஒன்று சேர்ந்திருந்தது. உடல் கிடைக்கிறது. ஐவி வந்து பார்க்கிறாள். யார் சேர்த்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. தன் முகம் திரையில் பெரிதாக வரும் என்று சந்தோஷப்பட்டாள்.

ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டு விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு வந்தது. அவள் குரல் மோசமில்லை. அப்படியொன்றும் பெரிதும் இல்லை. ஜனங்கள் அந்தப் பாட்டை மலர்வளையம் வாங்குவதுபோல வாங்கினார்கள். அடுத்த பாட்டு வந்தபோது துக்கம் முடிந்திருந்தது. அது இருபத்து மூன்றாம் இடத்தோடு நின்றது. மூன்றாவது எந்தப் பட்டியலிலும் இல்லை. டெரக் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினான்.

பிறகு கிறிஸ்துமஸ் நாடகங்கள். முதலில் இளவரசி வேஷம், சில வருஷம் கழித்து தேவதை, அப்புறம் மாற்றாந்தாய். கப்பல்களில் பாடினாள். கீபோர்டு வாசித்த ஒருவனோடு நான்கு வருஷம் குடித்தனம் நடத்தினாள். வேறு தொடர்களில் நடிக்கக் கேட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் செய்கிறீர்கள், ஆனால் உங்களைப் பார்த்தால் எல்லோருக்கும் அந்தப் பிணம் ஞாபகம் வருகிறதே என்றார்கள். மூன்று இடங்களில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்புகையில் அவள் அந்த டாக்ஸியை நினைத்துக்கொள்வாள். கறுப்பு நிறம். எழுதப்பட்டு, எடுக்கப்படாமல்போனது.

தயாரிப்பாளரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, தலைமுடிக்குச் சாயம் போட்டாள். கெல்லியின் செம்பு நிறம்.

வியாழக்கிழமை சால்ஃபோர்டில் படப்பிடிப்பு நிலையத்தின் வாயிலில் காவலுக்கு இருந்தவர் எழுந்து நின்றார். "கெல்லி! எங்க வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்களே!" அவள் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்.

தயாரிப்பாளர் ரூத் ஹாலிஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கை கொடுக்கும்போது ஜனீனின் தலைமுடியை ஒருகணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டாள். ஜனீன் அதைக் கவனித்தாள். உடனே சாயத்துக்காக வெட்கப்பட்டாள்.

இருந்தாலும் தயார் செய்து வந்ததைச் சொன்னாள். பிணவறையில் ஆள் மாறிவிட்டது. கெல்லி கடலோர ஊர் ஒன்றில் எல்லாம் மறந்துபோய் வாழ்கிறாள். உணவகத்தில் வேலை. ஒருநாள் செய்தித்தாளில் ஐவியின் படத்தைப் பார்க்கிறாள். ரயில் ஏறுகிறாள். ரூத் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"நாங்களும் மூணு நாள் உக்காந்து மண்டைய ஒடச்சுக்கிட்டோம் ஜனீன். ரெட்டப் பொறவின்னு சொல்லலாமான்னுகூடப் பாத்தோம். அப்புறம் பழைய டேப்பப் போட்டோம். உடம்பு கெடச்சிருக்கு. அம்மாவே போர்வைய விலக்கி, மணிக்கட்டுல இருக்கற தழும்பத் தடவி, எம் பொண்ணுதான்னு சொல்றாங்க. ஆள் மாறிடுச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"ஜெஃப்..."

"ஜெஃப் உடம்பு கெடைக்கல. உங்களுக்கும் கெடைக்காம இருந்திருந்தா இன்னைக்கே கையெழுத்து வாங்கியிருப்பேன். சத்தியமா."

ஜனீன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் ரூத். "எனக்கு அப்ப ஒம்பது வயசு. மாடிப்படில உக்காந்து அழுதேன். மறுநாள் பள்ளிக்கூடத்துல டீச்சரும் அழுதாங்க. நீங்க கதவத் தொறந்துட்டு உள்ள வந்தா அந்த ஒம்பது வயசுப் பொண்ணு என்னக் காறித் துப்புவா. அவ்வளவு நல்லா செத்தீங்க நீங்க."

பாராட்டாகத்தான் சொன்னாள். ஜனீன் நன்றி சொன்னாள்.

ஐவியின் வீட்டு அலமாரியில் கெல்லியின் புகைப்படம் ஒன்று இருபத்தாறு வருஷமாக இருந்துவருகிறது. சாகும்போது ஐவி அதைக் கையில் வைத்திருப்பாள். படத்தை நெருக்கத்தில் காட்ட வேண்டியிருப்பதால் சம்மதம் தேவை. ரூத் தாளை நீட்டினாள். ஜனீன் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். படத்தில் தனக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டாள். இருபத்தொன்று இருக்கலாம் என்றாள் ரூத்.

மோரீன் யார்டின் முற்றத்தில், மதுக்கடை வாசல் பெஞ்சில் காத்திருந்தாள். அன்று அங்கே படப்பிடிப்பு இல்லை. தூரத்தில் ஒருவன் பொய்ச் சுவரின் செங்கல்லுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னா?"

"உடம்பு கெடச்சிருச்சாம்."

மோரீன் தலையசைத்தாள். ஜனீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான் அம்மா. லென் அன்னைக்கே சொன்னாரு. டாக்ஸில போயிருக்கணும். பெரிய இவளாட்டம் சாவு வேணும்னு கேட்டேன்."

"நீ சாவுதான் கேட்டே" என்றாள் மோரீன். "பொதச்சது நான்."

ஜனீனுக்குப் புரியவில்லை.

"லென் எங்கிட்ட வந்து சொன்னான். ஆத்தோட போயிட்டான்னு எழுதறேன், உடம்பு வேணாம், பொண்ணுக்குப் பின்னாடி உதவும்னான். நான்தான் முடியாதுன்னேன். பதினாலு வருஷமா டீ ஊத்திக் குடுத்துக்கிட்டு, எதுத்த வீட்டுக்காரியத் திட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு காட்சி வேணும்னேன். ஒண்ணே ஒண்ணு. பொணம் கெடக்கணும், நான் பாக்கணும். அவனும் எழுதிக் குடுத்தான். அந்த வருஷம் விருது வந்துச்சு. கக்கூஸ்ல வெச்சிருக்கேன்."

வண்ணம் பூசுகிறவன் ஏணியைத் தள்ளிவைத்தான்.

"நீ திரும்பி வருவேன்னு நான் நெனைக்கவே இல்லடி. பெரிய பாடகியாயிடுவேன்னு நெசமாவே நம்பினேன்."

ஜனீன் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். இத்தனை வருஷமும் ஒற்றை ஆளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பங்குக்கு ஒருத்தி வந்துவிட்டாள். பாரம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அந்தப் பக்கங்கள் வந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லென் கிழித்துப் போட்டிருப்பார். தன் முகம் பெரிதாக வரும் என்று அவளும்தானே சும்மா இருந்தாள்.

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"உன்னய உள்ள கூட்டிட்டு வந்துட்டா சொல்லாமலே போயிடலாம்னு பாத்தேன்."

மோரீன் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா அழுதீங்க அம்மா" என்றாள் ஜனீன்.

"ஒரே டேக்கு. கண்ணீர் உங் காதுக்குள்ள போச்சு. கேமராவுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. கூசியிருக்கும். நீ அசையவே இல்ல."

"அசைஞ்சிருக்கணும்" என்றாள் ஜனீன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. ஜனீன் கேரவனின் எரிவாயு உருளையை மாற்றிவிட்டு, மருந்துக் கடைக்குப் போய்த் தொண்டைக்கு மாத்திரை வாங்கினாள். மதியம் பட்டாணி சூப் சாப்பிட்டாள். நான்கு மணிக் காட்சிக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் சூடேற்றி வேலை செய்யாததால் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. பதினோரு பாட்டுகள் பாடினாள். செத்துட்டியேம்மா என்று யாரும் கத்தவில்லை, அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஐந்து மணிக்கு பிங்கோ தொடங்கியது. எண்களைச் சொல்லும் ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் அவளே சொன்னாள். ஆறேகாலுக்கு முடிந்தது.