சொந்த வீட்டு அழைப்பு மணி

வெங்காய விலையைப் பற்றி மனைவியிடம் கருத்துக் கேட்க வேண்டும். அவளோ கைக்கெட்டும் தூரத்தில் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருக்கிறாள். நிருபர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அழுத்தினார். கதவு திறந்ததும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"வணக்கம் மேடம். பத்திரிகையிலேருந்து வர்றேன். உங்களுக்கும் எனக்கும் ஏதாவது உறவு உண்டுங்களா?"

"கல்யாணம் ஆன மாதிரி ஒரு ஞாபகம். சீக்கிரம் கேளுங்க, அடுப்புல பால் இருக்கு."

எழுதிக்கொண்டார். மறுநாள் செய்தியில் 'இச்செய்தியாளரின் மனைவி' என்று ஒளிவுமறைவில்லாமல் அச்சாகும்.

மனிதர் பிறவி அரிச்சந்திரன் இல்லை. முன்பெல்லாம் அவருடைய 'மக்கள் கருத்து' பகுதியில் மக்கள் என்றால் அவர் வீட்டு மக்கள்தான். வெயிலில் அலைவானேன் என்று மாமியாரையே பேருந்துப் பயணியாகவும், வங்கி வாடிக்கையாளராகவும், பல்வலிக்காரராகவும் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்தம்மா ஊர்ல இருக்கிற எல்லா வரிசையிலயும் நிக்கறாங்களே, பாவம், உட்கார ஒரு நாற்காலி போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

ஆசிரியர் அழைத்தார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறய்யா. சொந்தக்காரங்கன்னா சொந்தக்காரங்கன்னு போடு. முடியாதுன்னா சொல்லு, ராசிபலன் எழுத ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்."

நம் நிருபர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். ஆசிரியர் ஒரு விதி சொன்னார், இவர் வீட்டுக்கு வந்து மேலும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். மணி அடிக்காமல் பேட்டி கிடையாது. உறவைக் கேட்காமல் முதல் கேள்வி கிடையாது. சாப்பாட்டு மேசையில் பேசியது எதுவும் அச்சுக்குப் போகாது. இந்தக் கடைசி விதியால் அவர் மேசையில் வாயைத் திறப்பதே அரிதாகிவிட்டது. "உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட 'கருத்துச் சொல்ல விரும்பலை'ங்கறார்" என்பது மனைவியின் புகார்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நகராட்சி நீச்சல்குளம் பச்சையாகிப் போனது. லேசான பச்சை இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பந்து விளையாடலாம் போலிருந்தது. மறுவாரம் பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி. குளத்தைச் சுத்தம் செய்கிறவர்தான் மருந்தை மாற்றிக் கொட்டியிருப்பார் என்று முடிவுகட்டி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். குளத்தின் மேலாளர் எந்தப் பத்திரிகைக்கும் வாய் திறக்கவில்லை.

மேலாளர் வேறு யாருமில்லை, நிருபருடைய மனைவியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அந்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தவர், தட்டில் கையை வைத்தபடி பிசையாமலே இருந்தார்.

"மாப்ளை, மனசு கேட்கலை. அந்த ஆள் மேல தப்பே இல்ல."

நிருபரின் கை பாதியில் நின்றது. "மச்சான், நான் இப்ப மாப்பிள்ளையா உட்கார்ந்திருக்கேன். எதுவும் சொல்லாதீங்க."

"காலையில சீக்கிரம் போனேன். அவர் வர்றதுக்குள்ள நாமே ஊத்திடலாமேன்னு…"

"மச்சான், வேண்டாம்."

"ரெண்டு பீப்பாயும் ஒரே நீலம், மாப்ளை. ஒண்ணு குளத்து மருந்து, இன்னொண்ணு தோட்டத்து உரம்."

தவளை தன் வாயால் கெட்டது. நிருபர் காதைப் பொத்தப் பார்த்தார். ஒரு கையில் சோறு, ஆகவே ஒரு காதுதான் மூடியது. மாமியார் மகனையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வாயில் போட்டதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மேசையில் கேட்டது அச்சுக்கு ஆகாது. ஆகாது என்று விட்டால், செய்யாத தப்புக்கு ஒருவருடைய பிழைப்புப் போகும். எழுதினாலோ மச்சானின் பிழைப்புப் போகும், அதன் பிறகு இந்த வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

எழுந்தார். கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மணி அடித்தது.

மறுபடியும் அடித்தது. மனைவி மெல்ல எழுந்துபோய்த் திறந்தாள். அவர் ஈரக் கையோடு அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வணக்கம் மேடம். நீச்சல்குள மேலாளர் இங்க இருக்காருங்களா?"

அவள் உள்ளே திரும்பி, "அண்ணா, உன்னைப் பார்க்கப் பத்திரிகையிலேருந்து யாரோ வந்திருக்காங்க" என்றாள். திரும்பி வந்து, கணவன் பாதியில் விட்ட தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.

மச்சான் கை கழுவிவிட்டு, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வணக்கம் சார். உங்களுக்கும் எனக்கும் ஏதாவது உறவு உண்டுங்களா?"

மச்சான் யோசித்தார். "இதுவரைக்கும் உண்டு."

நிருபர் தலை நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டார்.