செல்வின் சாரை ட்ரேட் செய்த வருடம்

இன்று காலை நான்காம் எண் அறைக்குக் காபி கொண்டுபோனேன். எங்கள் விடுதியில் காபி கொண்டுபோவது என் வேலை இல்லை, நான் மேனேஜர். ஆனால் பௌர்ணமிக்கு மறுநாள் வேலைக்காரர்கள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று அந்த அண்ணாமலையானுக்கே தெரியாது. கதவைத் திறந்த பெங்களூர்ப் பையன் கையில்லாத பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, போனில் யாரிடமோ, "போச்சுடா, அவனப் போய் ட்ரேட் பண்ணிட்டாங்கடா" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "யாரை?" என்று கேட்டுவிட்டேன்.

சேலை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு நிற்கிற அக்காவுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி பார்த்துவிட்டு, பேரைச் சொன்னான். "ஐயோ, முழங்கால் ஆபரேஷன் ஆனவராச்சே, பதிலுக்கு யாரு வர்றாங்க?" என்றேன். பையன் போனைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. நம்புவீர்களோ இல்லையோ, அமெரிக்காவில் யாரோ ஒரு கோடீஸ்வரனை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றினார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

அந்த அறை வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஷூவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெயில் பட்ட ரப்பர் வாசனை. அது மூக்கில் ஏறினால் நான் நேராக எங்கள் பழைய மைதானத்துக்குப் போய்விடுவேன். மைதானம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், விரிசல் விட்ட சிமென்ட் தரை, இரண்டு கம்பம். ஒரு கம்பத்தில் வளையம் இருக்கும், வலை இருக்காது. இன்னொன்றின் பலகை மேல் எப்போதும் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும். நான் பாஸ்கெட்பாலில் ஜில்லா டீமுக்கு ஆடியவள் என்று அப்போது சொன்னாலே என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். டிகிரி முடித்து, ஆசிரமத்துப் பக்கம் இந்த விடுதியில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த புதிது. டியூட்டிக்குப் போகும் முன் விடிகாலையில் கொஞ்சம் பந்து போட்டுவிட்டுப் போவேன்.

அங்கே நாங்கள் நாலு பேர். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அன்வர் பாய். விதை, உரக்கடை ஜினதாஸ் அண்ணன், பரம்பரை ஜைனர், வெங்காயம்கூடத் தொடமாட்டார், பேச்சில் மட்டும் காரம் ஜாஸ்தி. பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த செல்வின் சார், சொந்த ஊர் நாகர்கோவில். நாலாவது நான். அரைமணி நேரம் ஆடுவோம், ஒரு மணி நேரம் பேசுவோம். அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற ஆட்டம் நமக்கு விடியலில் வரும். அன்வர் பாயின் போனைப் படிக்கட்டில் செங்கல்லுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு டீயும் கையுமாகப் பார்ப்போம்.

ஆட்டத்தைவிட ஆட்கள் மாறுகிற சீசன்தான் எங்களுக்குத் திருவிழா. எவனை எவனுக்குக் கொடுக்கிறார்கள், எவன் ஒப்பந்தம் போட்டான், எவன் முறுக்கிக்கொண்டு போனான். ஆட்டக்காரர்களின் பேரைச் சொன்னால் நீங்களும் ஒரு கட்சி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள், அதனால் வேண்டாம். நாங்களும் பேர் சொல்லமாட்டோம், வாயில் நுழையாது. ஒருத்தருக்குத் தாசில்தார் என்று பேர். நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார், பந்து அவரைத் தேடி வரவேண்டும். அந்தத் தாசில்தார் ஒரு வருடம் தன் டீமை விட்டுவிட்டு, ஏற்கெனவே இரண்டு பெரிய தலைகள் இருந்த டீமில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் குரங்கே இறங்கி ஓடிவிட்டது.

"காசு இருக்குது, வாங்குறான். இதுல உனுக்கின்னா அண்ணே வயித்தெரிச்சல்? பிரியாணில கறி ஜாஸ்தியா இருந்தா எவனாவது சண்ட போடுவானா?" என்றார் அன்வர் பாய்.

"கறியப் பத்தி எங்கிட்ட கேக்கறான் பாரு. ஏம்பா, மூணு பேரும் மாப்பிள்ளைன்னு மணையில குந்திக்கினா பந்தி பரிமாறறது யாரு?" என்றார் ஜினதாஸ் அண்ணன்.

செல்வின் சார் கத்தமாட்டார். ஒரு டீம் இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று அந்த லீகில் ஒரு வரம்பு உண்டு. ஒருத்தனை வாங்கவேண்டும் என்றால் அதே அளவு சம்பளக்காரனைக் கொடுக்கவேண்டும். சார் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, "இது நடக்காது, கேட்டியளா" என்று மெதுவாகச் சொல்வார். அதேபோல நடக்காது.

ஏழு மணிக்கு அவர் போன் பேசும் நேரம். நாங்கள் ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். நாகர்கோவிலில் அவர் அம்மா தனியாக இருந்தார். ஒரே பிள்ளை. அப்பா இல்லை. தெற்கத்தி வாத்தியார்களின் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை வடக்கு ஜில்லாவில்தான் கிடைக்கும், ஊருக்குத் திரும்ப வருடா வருடம் கவுன்சலிங் போவார்கள், அங்கே காலியிடமே இருக்காது. அம்மாவை இங்கே அழைத்துவரலாமே என்று கேட்டால், "அம்மை வரமாட்டா. அந்த வீட்டுல இருந்துதான் போவேன்னு நிக்கா" என்பார்.

ஒருநாள் ஏழு மணிக்கு அம்மா போனை எடுக்கவில்லை. சார் திரும்பத் திரும்ப அடித்தார். யாரும் ஆடவில்லை. பந்து தானாக உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். அம்மா துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்திருக்கிறார், இடுப்பு தப்பித்தது, கையில் கட்டுப் போட்டிருக்கிறது. சார் போனைப் பையில் வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"சார், கவுன்சலிங்க வுடுங்க. ஆளுக்கு ஆள் மாத்திக்கலாமில்ல, அது இன்னா பேரு?" என்றார் அன்வர் பாய்.

மனமொத்த மாறுதல். ஒரே பாடம், ஒரே பதவியில் இருக்கிற இரண்டு வாத்தியார்கள் சம்மதித்து ஊரை மாற்றிக்கொள்ளலாம். "அடப்பாவி, இது ட்ரேட்டு" என்றார் ஜினதாஸ் அண்ணன். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். இத்தனை வருடமாக அமெரிக்கக்காரனுக்கு யோசனை சொல்லி வீணாய்ப் போன மூளைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

தேடுகிற பொறுப்பு எனக்கு. ரிசப்ஷனில் எந்நேரமும் போனும் கையும்தானே. மாறுதல் கேட்கிற வாத்தியார்களுக்கென்று போனில் குழுக்கள் இருக்கின்றன. நாகர்கோவில் பக்கம் இருந்துகொண்டு திருவண்ணாமலை வேண்டும் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. ஆனால் பிரேமா டீச்சர் என்று ஒருத்தர் அங்கே கணக்கு எடுத்தார், கணவருக்கு வேலை சேலத்தில், அவருக்குச் சேலம் வேண்டும். சேலத்தில் ஆறுமுகம் என்று ஒரு கணக்கு வாத்தியார், இங்கே பக்கத்துப் போளூர்க்காரர், அவருக்குத் திருவண்ணாமலை வேண்டும். மூன்று ஊர், மூன்று ஆள். நான் கண்டுபிடித்துச் சொன்ன அன்று அன்வர் பாய் எல்லோருக்கும் பன் பட்டர் வாங்கிக்கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீட்டி முழக்கப்போவதில்லை. எனக்குச் செல்வின் சாரைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சொல்லலாம் என்று நினைக்கிறபோதெல்லாம் ஏழு மணி ஆகிவிடும், அம்மாவுக்குப் போன் போடுவார். ஒரு கையில் கட்டோடு தனியாகச் சமைக்கிற அம்மாவிடமிருந்து அந்த மனுஷனை இன்னொரு பக்கம் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் ராப்பகலாக உட்கார்ந்து அவரை ஊருக்கு அனுப்ப வழி தேடினேன். என் லட்சணம் அப்படி.

கல்வி ஆபீசில் விசாரித்தால் மூன்று பேர் ஒரே சமயத்தில் மாறுவது முடியாது, இரண்டிரண்டு பேராகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் சாரும் ஆறுமுகமும் மாறிக்கொள்ள வேண்டும், சார் சேலம் போவார். அடுத்த வருடம்தான் சாரும் பிரேமா டீச்சரும் மாறிக்கொள்ள முடியும். நடுவில் ஒரு வருடம் சார் அந்தரத்தில். அதற்குள் பிரேமா டீச்சர் மனம் மாறினால் சாருக்கு இந்த ஊரும் இல்லை, அந்த ஊரும் இல்லை. கையில் இருந்தது அந்த அம்மாள் போனில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும். "வார்த்த சொல்லிட்டு, ராத்திரியோட ராத்திரியா வேற டீமுக்குப் போனவன் எத்தன பேர நாம பாத்துக்கிறோம்" என்று ஜினதாஸ் அண்ணன் ஆரம்பித்தார். அன்வர் பாய் அவர் காலை மிதித்தார்.

சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை நடக்காது என்று சொல்லவில்லை. "போய்ப் பாக்கேன்" என்றார். ஒரு பெட்டி, ஒரு பையோடு சேலம் பஸ் ஏறினார்.

அந்த வருடம் நான் இளைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். முழுப்பரீட்சை முடிந்த சமயம் பிரேமா டீச்சரின் போன் அணைந்துபோனது. ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவர் கணவரின் கம்பெனி சேலத்துக் கிளையை மூடுகிறது, அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறது என்று சாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கணவர் சேலத்தில் இல்லையென்றால் அந்த அம்மாளுக்குச் சேலம் எதற்கு? சார் என்னிடம் போனில், "ஒண்ணும் இல்ல, எடுப்பாவ" என்றார். குரல் வேறு மாதிரி சொன்னது.

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். உள்ளூர்க்காரர்கள் அந்தக் கூட்டத்தில் போகமாட்டோம், ஆனாலும் போனேன். மலையைச் சுற்றி எட்டு லிங்கம். முதலாவதான இந்திர லிங்கத்தில் நின்று, இது நடந்துவிட வேண்டும் என்று கும்பிட்டேன். அக்னி லிங்கத்தில் நடக்கக்கூடாது என்று கும்பிட்டேன். நடக்காவிட்டால் சேலத்திலிருந்து இங்கே திரும்பி வந்துவிடமாட்டாரா என்று ஒரு அற்ப ஆசை. இப்படியே ஒவ்வொரு லிங்கத்திலும் மாற்றி மாற்றி. அடி அண்ணாமலை கிராமம் தாண்டியதும் எனக்கே அசிங்கமாகிவிட்டது. கடைசியில் அந்த அம்மா மறுபடி விழாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, பிரேமா டீச்சரின் போன் அவர் பஸ்ஸில் ஏறும்போது கீழே விழுந்து நசுங்கியிருக்கிறது. அவ்வளவுதான். "டிஸ்ப்ளே மாத்த ஒரு வாரமா? எவன்யா அந்த ரிப்பேர்காரன்?" என்று அன்வர் பாய் கொதித்தார். கணவரின் மாறுதல் உண்மைதான். "சொன்னது சொன்னதுதான் சார். நாகர்கோவிலுக்குச் சேலம் எவ்வளவோ மேல், கோயம்புத்தூர் பக்கம்தானே" என்றாராம் டீச்சர். அந்த அம்மாளை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன், எதற்கென்று எனக்கே தெரியாது.

விடுதியில் ஒரு வெள்ளைக்காரருக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது சார் கூப்பிட்டார். "ஆர்டர் வந்தாச்சு." "கங்கிராட்ஸ் சார்" என்றேன். ஆட்டோக்காரர் கேட்ட ரேட்டுக்கு மறுபேச்சு பேசாமல் சரி என்றேன், வெள்ளைக்காரர் முறைத்தார்.

மறுநாள் படிக்கட்டில் வழக்கமான விவாதம், இந்த ட்ரேடில் ஜெயித்தது யார் என்று. மூன்று பக்கமும் ஜெயித்த ட்ரேட் உலகத்திலேயே இதுதான் என்று ஜினதாஸ் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். நான் தலையாட்டினேன். சாருக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த ஆறுமுகம் வாத்தியாரை அன்வர் பாய் ஒருநாள் மைதானத்துக்கு இழுத்துவந்தார். அவர் பந்தைக் கையால் தொடாமல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இங்க கேரம் போர்டு இல்லீங்களா?" என்று கேட்டார்.

இப்போது அந்த மைதானம் இல்லை. கம்பங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள், பௌர்ணமிக்கு வருகிற வண்டிகள் நிற்கின்றன. ஜினதாஸ் அண்ணன் கடையை விற்றுவிட்டுச் சென்னையில் மகளோடு இருக்கிறார். அன்வர் பாய் துபாய் போய்விட்டார். செல்வின் சாருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, ஆட்டம் பார்க்க நேரமில்லையாம். எங்கள் நாலு பேர் குழுவில் கடைசியாக வந்தது யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து.

சார் ஊரில் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவர் அம்மா என்னிடம் பேசவேண்டும் என்றாராம். சார் போனைக் கொடுத்தார்.

"எனக்க மவன அனுப்பி வச்ச பிள்ள நீயாடி மக்களே?"

"ஆமாம்மா."

"ஒனக்கு என்ன வேணும்? சொல்லு, நான் தாறேன்."

பக்கத்தில் சார் நிற்பது எனக்குத் தெரிந்தது. யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம்கூடக் கேட்டது.

"ஒண்ணும் வேணாம்மா" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாமா? அதெப்படி, மனசுல ஒண்ணுமே இல்லாமலா இருக்கும்?" என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.