தலை நுழையாத சட்டை

புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் மெஹராஜ் பேகத்துக்கு பேட்டர்ன் வரையும் வேலை. அவள் அட்டையில் வரைந்து வெட்டித் தருகிற வடிவத்தை வைத்துத்தான் மற்றவர்கள் துணி வெட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையும் பாவாடையும் அவளுக்குக் கைவந்தவை.

கைக்குழந்தைச் சட்டைக்கு முதல் தடவையாக ஆர்டர் வந்தபோது, பெரிய பிள்ளையின் அட்டையை எடுத்து நாலு பக்கமும் குறைத்து வரைந்தாள். தெருவில் கைக்குழந்தைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையில்லாதவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய், "புள்ளையக் கொஞ்சம் தாங்க" என்று எப்படிக் கேட்பது? தாய்க்காரி முகம் சுளித்துவிட்டால்? அந்தக் கூச்சத்திலேயே அளவெடுக்காமல் விட்டாள்.

யூனிட்டில் தைக்கிற பிரேமாவின் குழந்தைக்குப் பசுவந்தனையில் பேர் வைத்தார்கள். தான் வெட்டிய சட்டைகளில் மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மெஹராஜ் போனாள். பிரேமாவின் நாத்தனார் அழகுத்தாய் ஆசையாக வாங்கி, அப்போதே குழந்தைக்கு மாட்டினாள். சட்டையின் கழுத்து நெற்றியோடு நின்றுவிட்டது. துணி முகத்தை மூட, குழந்தை வீறிட்டது. மேலே இழுத்தாலும் வரவில்லை. கடைசியில் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கனக்கா வாங்குனீங்க?" என்று கேட்டாள் அழகுத்தாய்.

"கோவில்பட்டியில... ஒரு கடையில."

"இத வெட்டுனவ புள்ள பெத்தவளா இருக்க மாட்டா. பச்சப்புள்ளைக்குத் தலதான் பெருசுன்னு தெரிய வேண்டாமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேமாவுக்கு அந்தச் சட்டை எந்த யூனிட்டுச் சட்டை என்று தெரியும். மெஹராஜை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கியிருக்கலாம், பிரேமாவின் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சாப்பிடாமலே கிளம்பினாள் மெஹராஜ்.

மறுநாள் முதலாளி செண்பகராஜிடம் நடந்ததைச் சொன்னாள்.

"பாதிச் சரக்கு போயாச்சு. யாரும் குறை சொல்லலியே?" என்றார்.

"சின்னப்புள்ள சொல்லுமா அண்ணாச்சி? மிச்சத்த அனுப்பாதீங்க. நான் வேற வரஞ்சு தாரேன்."

வரைய அளவு வேண்டும். மறுபடியும் பசுவந்தனைக்கே போனாள். வாசலில் அழகுத்தாய் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டைய வெட்டுனது நாந்தாம்மா. கடையில வாங்குனேன்னு பொய் சொல்லிட்டேன்."

அழகுத்தாயின் கையில் சுளகு நின்றது. "யக்கா, நீங்கன்னு தெரியாம..." என்று தொடங்கியவள், பாதியிலேயே எழுந்து உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து மெஹராஜின் மடியில் வைத்தாள்.

"தலைக்குக் கீழ கை குடுங்க. இந்தா, இப்பிடி."

இத்தனை வயதில் பிள்ளையைப் பிடிக்கக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று மெஹராஜுக்குக் காது சுட்டது. அழகுத்தாய் பிடித்துக்கொள்ள, டேப்பைக் குழந்தையின் தலையையும் நெஞ்சையும் சுற்றி வைத்துப் பார்த்தாள். அதன் நெஞ்சளவைவிடத் தலையளவு கூடுதலாக இருந்தது.

புது அட்டையில் கழுத்தை அகலமாக்கி, ஒரு பக்கத் தோளைத் திறப்பாக விட்டு, அங்கே பிரஸ் பட்டன் வைத்தாள். இந்தத் தடவை பிரேமாவின் குழந்தை அழாமலேயே சட்டை ஏறியது. தேங்கிக் கிடந்த சட்டைகளையும் அதே மாதிரி பிரித்துத் தைத்தார்கள். செண்பகராஜ் நாலு பேர் முன்னால் மெஹராஜைப் பாராட்டியபோது அவள் தலையைத் தூக்கவில்லை.

முதலில் போன சரக்கு எந்தெந்த ஊர்க் கடைகளுக்குப் போனதென்று யாருக்கும் தெரியாது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி குழந்தைக்குச் சட்டை மாற்றத் தொடங்கினால், மெஹராஜ் இன்றைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.