தொண்ணூற்றொன்றின் மேல் ஒரு கோடு

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் கிடங்குக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஈரத்தாள் சுருள்களைப் பிரித்து முளைகளை எண்ணுகிறாள். ஒரு சுருளில் நூறு விதை, மூட்டைக்கு நான்கு சுருள். ஏழாம் நாள் பிரித்தால் நேரான முளை ஒரு பக்கம். கோணலும் சொத்தையும் முளைக்காததும் மறு பக்கம். நூற்றுக்குத் தொண்ணூறு தேறினால்தான் மூட்டை விதையாக விற்பனைக்குப் போகும். இல்லாவிட்டால் மாட்டுத் தீவனம். வீட்டில் தக்காளியையும் இப்படித்தான் பிரிப்பாள். புருஷன் கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, என் மக்காச்சோளம் உன் மேஜைக்குத்தான் வருது. பாத்துக்க."

மூட்டைகளில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவன் நம்பரையும் சொல்லிவிட்டான்.

சராசரி தொண்ணூற்றொன்று வந்தது. எழுதிக் கையெழுத்தும் போட்டாள். டீ குடிக்கப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். நேரான பக்கத்தில் கிடந்த சில முளைகளின் வேர் லேசாக வளைந்திருந்தது. போன வாரம் வேறொருவர் மூட்டையில் இதே வளைவைத் தள்ளியிருக்கிறாள். இன்றைக்குக் கண் சலுகை காட்டிவிட்டது, அவளைக் கேட்காமலேயே.

தொண்ணூற்றொன்றின் மேல் ஒரே கோடு போட்டாள், அடியில் எண் தெரியும்படி. பக்கத்தில், "யாருடைய மூட்டை என்று தெரிந்து எண்ணியது" என்று எழுதினாள். மிச்ச விதையில் புதிதாக நான்கு சுருள் போட்டு, மற்ற மூட்டைகளின் சுருள்களோடு கலந்து, நம்பர் மேல் தாள் ஒட்டி மறைத்துத் தரும்படி கிடங்குக்காரரிடம் சொன்னாள்.

"தம்பி மூட்டைன்னா அவனவன் கண்ணை மூடிக்குவான். நீ என்னடான்னா நம்பரை மூடச் சொல்றே."

"முதல்ல ஒட்டுங்க. கிண்டல் அப்புறம்."

ஏழு நாள் கழித்து எண்ணினாள். ஒட்டிய தாளைப் பிரித்து நம்பரைப் பார்த்தபோது தம்பியுடையது எண்பத்தாறு.

மறுநாளே வந்து நின்றான். பதிவேட்டில் விரலை வைத்தான். "பாஸ்னு எழுதிட்டு அப்புறம் அடிச்சிருக்கே. ஒரு பட்டத்து உழைப்பு, அக்கா. மாட்டுக்கா போடறது?"

"அழிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியட்டும்னுதான் கோடு."

"வளைஞ்ச வேரு நிமிராதா? உனக்கு எங்கிட்டதான் கறார்."

அவள் எண்ணி முடித்துத் திரும்பச் சுருட்டி வைத்திருந்ததில் இரண்டை எடுத்து அவன் முன் வைத்தாள். இரண்டிலும் நம்பரைத் திரும்ப மறைத்திருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு உன்னுது. எதுன்னு கேக்காதே. எண்ணு."

பதினைந்து வருஷமாக மக்காச்சோளம் போடுகிறவன். விரல்கள் தாமாகவே ஓடின. முதல் சுருளில் தொண்ணூற்றைந்து. "இது என்னுது, பாத்தாலே தெரியுது." அவள் மற்றதை அவன் பக்கம் நகர்த்தினாள். அடுத்ததில் அவன் கை அடிக்கடி மறு பக்கம் போயிற்று. எண்பத்துநாலு. அக்கா எண்ணியதை விட இரண்டு குறைவு.

"இவன் மூட்டை நனைஞ்சிருக்கு. நுனி எப்படிக் கறுத்திருக்கு பாரு. நனைஞ்ச சரக்கை விதைன்னு கொண்டாந்து..."

நிறுத்திவிட்டான். அந்தக் கறுத்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மழையில தார்ப்பாய் விலகிக் கிடந்தது ரெண்டு நாள்தான்கா."

"எந்த ரெண்டு நாள்?" என்று கேட்டு அவள் பேனாவைத் திறந்தாள்.