வசந்தகுமாரியின் முன்பல்

தசரதனைப் போல அழுத்தக் கணக்குப் போட அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆள் கிடையாது என்று அவனுடைய மேனேஜரே சொல்வார். லாரி அச்சு எங்கே முறியும், ஸ்பிரிங் பட்டை எத்தனை லட்சம் குலுக்கலுக்குத் தாங்கும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் போட்டு, வண்டி சாலைக்கு வரும் முன்பே சொல்லிவிடுவான். வீட்டிலோ வாயே திறக்க மாட்டான். மனைவி வசந்தகுமாரியோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியும், குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி ஒரு ஊமைக்கோட்டான்.

தொண்ணூற்று மூன்றில், பாடி ஸ்டாப்பிங்கில் பஸ் நிற்கும் முன்பே இறங்கி விழுந்தாள் வசந்தகுமாரி. மேல் முன்பல் ஈறையொட்டி முறிந்துபோனது. வேர் மட்டும்தான் மிச்சம். அன்றிலிருந்து அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். கல்யாணம் காட்சிக்குக்கூடப் போவதில்லை.

பூந்தமல்லியில் பல் டாக்டர் ஷவுகத் அலி, "வேர் இருக்கே, அது போதும்" என்றார். வேருக்குள் எஃகுக் கம்பி ஒன்றை இறக்கி, அதன் தலையில் பல்லைக் கட்டிவிடலாம். மெல்லிய கம்பியா, தடித்த கம்பியா என்பதுதான் கேள்வி. தடித்தது வேண்டுமென்றால் வேரை உள்ளே நிறையக் குடைய வேண்டும். மேல்படிப்புக்காக இதையே ஆராய்ந்துகொண்டிருந்த மனுஷர், தசரதன் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்ததும் விடுவாரா?

"சார், நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதையே போட்டுடறேன்."

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, நாலு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தான். ஒரு தடவை ஓடி முடிக்க அது ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகமானாலும் முதலில் வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்கிப் பிடி, அப்புறம் சோதி. தசரதன் புத்தியிலும் அதுதான் ஊறிக் கிடந்தது. வேரின் வெளிப்பக்கம் முழுவதையும் துளிகூட அசையாதபடி இறுக்கிவிட்டு, கடியின் பாரத்தை ஏற்றினான். தடித்த கம்பி போட்ட வேர் திரையில் முழுக்க நீலமாக இருந்தது. ஆபத்தான சிவப்பெல்லாம் எஃகில்தான்.

"கம்பியே பாரத்தை வாங்கிக்குது டாக்டர். தடிச்சதே போடுங்க" என்றான். டாக்டரும் நிறத்தைத்தான் பார்த்தாரே தவிர, வேரை எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பார்க்கவில்லை.

பல் வந்தது, சிரிப்பும் வந்தது. "எங்க ஊட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் கட்டின பல்லு" என்று பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் தட்டித் தட்டிக் காட்டினாள்.

மூன்றாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது, "டாக்டர், வெரலால தள்னா லேசா அசையற மாதிரி கீது" என்றாள்.

ஷவுகத் அலி சிரித்தார். "எல்லார் பல்லும் அசையும்மா. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அதுலதான் பல்லு உக்காந்திருக்கு."

பக்கத்தில் நின்ற தசரதனுக்கு, வேரை அசையவிடாமல் இறுக்கித் தான் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறே அந்தப் பிடியை எடுத்துவிட்டு, சவ்வையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தான். கம்பியின் நுனி முட்டும் இடத்தில் வேரின் சுவர் செக்கச் செவேலென்று நின்றது. விறகில் இறக்கிய ஆப்பு மாதிரி, ஒவ்வொரு கடிக்கும் அந்தக் கம்பி வேரைப் பிளக்கப் பார்த்தது. மெல்லிய கம்பியில் அவ்வளவு சிவப்பு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவனோ அதைக் கொண்டுபோய்க் கட்டின பெண்டாட்டி வாயிலேயே நட்டுவிட்டான்.

புதுக் கணக்கை அச்சடித்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினான். டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார்.

"நானாவது கேட்டிருக்கணும் சார். இப்ப கம்பிய உருவினா வேரே பொளந்துடும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். கெட்டியா எதையும் கடிக்க வேணாம்னு ஊட்ல சொல்லிடுங்க."

எப்படிச் சொல்வது? கணக்குத் தப்பு என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அதற்குப் பதில் கத்தியைக் கையில் எடுத்தான். கொய்யாப் பழத்தைச் சன்னமாக நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தான். முறுக்கை நொறுக்கிக் கொடுத்தான். வேலை விட்டு வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான். முதலில் விழித்த வசந்தகுமாரி, போகப் போகப் பூரித்துப் போனாள்.

"பதினோரு வருசம் கழிச்சி எம்மேல ஆசை வந்துகீது அங்கம்மா. கொழந்தைக்கு ஊட்ற மாதிரி பாத்துக்கிறாரு."

உள்ளே இருந்த தசரதன் காதில் இது விழுந்தது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலை, கடித்தது வெறும் இட்லிதான், உள்ளே டக்கென்று ஒரு சத்தம். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தது. டாக்டர் அதை இரண்டு துண்டாக எடுத்துப் போட்டார். இனி அந்த இடத்தில் கம்பி இறக்க வேரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு வசந்தகுமாரி தன்னையே நொந்துகொண்டாள். "நான்தான் பதனமா வச்சிக்கல. நீங்க எவ்ளோ பாத்துப் பாத்துக் குடுத்தீங்க."

அதற்குமேல் தசரதனால் தாங்க முடியவில்லை. வைஸ் பிடி, சவ்வு, சிவப்பு, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டான். அவள் கேட்டு முடித்தாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ நறுக்கி நறுக்கிக் குடுத்ததெல்லாம், இது ஒடைஞ்சிடும்னு பயந்துகினா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, பேசாமல் நின்றான்.