நேரான பன்னிரண்டு குச்சிகள்

என் அப்பாவின் வேலையைப் பறித்தது ரோமாபுரி. இப்படிச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் ஹாலிஎலயில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நின்றது அவருடைய அப்பா இல்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைக்கு மேலே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தபோது, சரித்திரம் படிப்பித்த சேர் ரோமாபுரி நாடகம் ஒன்றை எழுதினார். சேர் பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்தவர், தினமும் காலை பஸ்ஸில் வந்து போவார். வகுப்பிலேயே நான்தான் நெட்டை என்பதால் எனக்கும் ஒரு வேடம் கொடுத்தார். வசனம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரே சொல் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அட லூசு, நீ பேச என்னத்துக்கு? நீ நடந்து வந்தாலே ஊர் விலகும்” என்றார் சேர்.

ரோமாபுரியில் பெரிய அதிகாரி தெருவில் வரும்போது அவருக்கு முன்னால் ஓர் ஆள் நடப்பானாம். அவன் இடது தோளில் ஒரு தடிக்கட்டு இருக்கும். நேரான குச்சிகளைச் சேர்த்துச் சிவப்பு வாரால் இறுக்கி, நடுவில் ஒரு கோடாலியைச் செருகியிருப்பார்கள். குச்சி அடிப்பதற்கு, கோடாலி தலையை வெட்டுவதற்கு. பின்னால் வருகிறவருக்கு இரண்டையும் செய்ய அதிகாரம் உண்டு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். சேர் இன்னொன்றும் சொன்னார். நகரத்தின் எல்லைக்குள் நுழையும்போது கோடாலியைக் கழற்றிவிடுவார்களாம். நகரத்துக் குடிமகன் தண்டனையை எதிர்த்து முறையிடலாம், அவன் தலையைக் கேட்டுக்கேள்வி இல்லாமல் வெட்டிவிட முடியாது. எல்லைக்கு வெளியே கோடாலி செருகியபடியே இருக்கும். இதையெல்லாம் அவர் கரும்பலகையில் படம் போட்டு அழகாக விளக்கினார். நான் என் கொப்பியில் எழுதிக்கொண்டது அளவை மட்டும்தான்: பன்னிரண்டு குச்சி, என் நெஞ்சு உயரம், எல்லாம் நேராக.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்து முடிந்த மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிகளை மிலாறு என்போம். அதை அடுப்புக்கு அள்ளிக்கொண்டு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தோட்டத்து மரத்தில் மட்டும் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது. இது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அப்பா மிலாற்றில் பொறுக்கி எடுத்து, இலை உருவி, ஒரு கட்டுக் கட்டித் தந்தார். தேயிலைக் குச்சி எங்கே நேராக இருக்கும்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது.

“இது வெறகுக்கட்டு. இத தூக்கிக்கிட்டு போனா எல்லாரும் சிரிப்பாங்க. நேரா இல்லாட்டி எனக்கு வேணாம்” என்று அதைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அன்று சாப்பிடவும் இல்லை. அம்மா என் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார். அப்பா தடுத்துவிட்டார்.

மறுநாள் பின்னேரம் அப்பா மேல்மலையில் தோட்டத்து டர்பன்டைன் மரங்கள் நிற்கும் பக்கம் போனார். வெட்டிப்போட்ட அடிமரங்களிலிருந்து புதுக்கிளைகள் கோடு போட்டதுபோல நெட்டுக்குத்தாக வளர்ந்து நிற்கும். அதில் பன்னிரண்டை வெட்டிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பட்டை உரித்ததும் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே தன் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக் கோடாலியை அப்பாவே கழுவி, நடுவில் செருகி, ஆடாமல் கட்டினார். “பாதையால போகாத பாப்பா. கீழ லயத்து குறுக்கால போ” என்று இரண்டு தரம் சொன்னார்.

காலையில் ஒத்திகைக்கு நான் பாதையால்தான் போனேன். குறுக்குவழியில் என்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆபீஸுக்குக் கீழே வளைவில், தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் வந்தது. நான் நடுப்பாதையில் நின்று, சேர் சொல்லித்தந்த மாதிரி தலையை நிமிர்த்தி, “விலகு!” என்றேன். ஜீப் நின்றது. துரை இறங்கிச் சிரித்தார். அவர் சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“என்னா இது?”

சொன்னேன். குச்சி எதற்கு, கோடாலி எதற்கு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று அவர் தலையாட்டினார்.

“யாரு கட்டினது?”

“எங்கப்பாங்க.”

“கம்பு எங்க எடுத்தது?”

“மேல்மலையிலங்க, டர்பன்டைன் மரத்துல.”

அவர் கட்டை வாங்கி ஜீப்பின் பின்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாரமாக இருக்கும் என்று எனக்காகப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்து, நான் கைவீசிக்கொண்டு நடந்தேன். என்னைவிட மடச்சி அந்த மலையில் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

பின்னேரம் அப்பாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். தொழிலாளி உள்ளே போகும் வழக்கம் கிடையாது. வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசவேண்டும். நானும் அம்மாவும் தள்ளி நின்று பார்த்தோம். உள்ளே மேசைமேல் என் தடிக்கட்டு கிடந்தது. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். பள்ளிக்கூட வேலைக்குத்தான் வெட்டியது என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வரவேண்டும், வரும்வரை பெரட்டில் பேர் போடமாட்டோம் என்று துரை சொன்னார். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் போடாவிட்டால் அன்று வேலை இல்லை. என்மேல் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சேர்கிட்ட ஒரு கடுதாசி கேட்டு வாங்கிட்டு வா பாப்பா, போதும்” என்றார்.

கேட்டேன். சேர், “பார்ப்போம், பார்ப்போம்” என்றார். அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும். காலையில் பெரட்டுக்குக் கொம்பு ஊதும்போது அப்பா பழக்கத்தில் எழுந்து, முகம் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா மட்டும் கொழுந்துக் கூடையோடு போவார்.

விழாவன்று காலையில் சேர் நேரே ஆபீஸுக்குப் போனார். நான் பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றேன். திரும்பி வந்தவர் கையில் என் தடிக்கட்டு! துரைதான் விழாவுக்குப் பிரதம விருந்தினர், கேட்டதும் கொடுத்துவிட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடாலியை மட்டும் ஆபீஸில் வைத்துக்கொண்டார்கள். “அது பரவாயில்ல, நகரத்துக்குள்ள கோடாலி இல்லத்தானே, இப்பதான் சரித்திரப்படி சரி” என்றார் சேர்.

“கடுதாசி, சேர்?”

“விழா முடியட்டுமே. இன்னைக்குப் போய் அதக் கிளப்பாத.”

பிள்ளைகளிடம் மரம் கேட்டது பள்ளிக்கூடம்தான் என்று எழுதினால் அது சேரின் தலையில் விடியும். துரை பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டித்தருவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது. அன்றைக்கு, கட்டைத் திருப்பிக் கொடுத்த துரை வேலையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நம்பினேன்.

சேருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. நாடகத்துக்கு முன்பே, துரையை வாசலிலிருந்து மண்டபத்துக்கு நான் அழைத்துவர வேண்டும், ரோமாபுரி முறைப்படி. வெள்ளைச் சீலை சுற்றி, தடிக்கட்டைத் தோளில் சாய்த்து நான் முன்னால் நடந்தேன். மாலை போட்ட கழுத்தோடு துரை பின்னால் வந்தார். பாதையின் இரண்டு பக்கமும் லயத்து ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். “விலகு! விலகு!” என்று கத்தினேன். விலகினார்கள்.

அவர்களுக்கு நடுவே அப்பா நின்றார். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னுக்குப் போய், பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு காலை வைத்து நின்றார். நான் அவரைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாக “விலகு!” என்றேன்.

கடிதம் வரவே இல்லை. கோடாலியும் வரவில்லை. தண்ணீர்த் தாங்கி வந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அப்பா கொழும்பில் ஒரு கடைக்கு மூட்டை தூக்கப் போனார். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் வருவார், பிறகு தீபாவளிக்கு மட்டும். கடைசியில் அவரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அந்தச் சேரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

விழா முடிந்த அன்று பின்னேரம் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னப் பாத்தியாப்பா?”

“பாத்தேன் பாப்பா.”

“எப்படி இருந்துச்சு?”

செருப்பைத் திருப்பி அடியைத் தேய்த்தார். “குச்சியெல்லாம் நேரா இருந்துச்சு” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில், கான் ஈரத்தில் செருப்பு நனைவதைக்கூடப் பார்க்காமல், அப்பா எனக்காகத்தான் விலகி நின்றார் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.